மண்ணின் பாவலர் அமர் சிங் சம்கீலா

கொல்லிமலையின் அடிவாரத்தில், ஆகாய கங்கையாய் வீழ்ந்து ஐயாறாய் இறங்கிவரும் நீரின் ஓரத்தே அமைந்தது நம் புளியஞ்சோலை. இம்மலைக்கு உரியவனாகிய வல்வில் ஓரியைச் சங்கப் புலவர் வன்பரணர் பாடியுள்ளார். காட்டில் களைத்து வந்த கலைஞர் கூட்டத்துக்கு ஊனும் உணவும் அளித்து, பொன்னும் மணியும் ஈந்து அனுப்பியவன் அவன். அக்கூட்டத்தில் யாழிசைக்கும் பாணரும் இருந்தனர். ஆடிப் பாடும் விறலியரும் இருந்தனர். காலம் மாறியது. பாணர் குடி தீண்டத்தகாத குடியாக ஒதுக்கப்பட்டது. விறலி என்னும் சொல்லும் பிற்காலச் சிற்றிலக்கியத்தில் வேறொரு நிறம் கொண்டது. பாடியோர்க்குப் பொன் கொடுத்த மலையின் காலடியில் இருந்துகொண்டு, பாடியதனாலேயே பகை தேடிக் குண்டடிபட்டு மாண்ட ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுகின்றோம். அவர் தமிழர் அல்லர், பஞ்சாபியர். ஆயினும் நம்மவர். அமர் சிங் சம்கீலா என்பது அவர் பெயர்.

இத்தகைய மலர்களில் இடம்பெறும் பெரியோர் யாவர் என்பதை நாம் அறிவோம். அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், தாத்தா இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரின் வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்கள் வரிசையில், படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரை, அதிலும் சபையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் பாட்டுகளைக் கட்டியவரை, எங்ஙனம் நிறுத்துவது என்று மலர்க்குழுவில் கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. அவர் பாட்டில் ஓரடியும் இம்மலரில் அச்சேறாது என்று நாம் உறுதி கூறிய பின்னரே இசைவு கிடைத்தது. கொடுத்த வாக்கைக் காப்போம்.

1960ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள், லூதியானா நகரை ஒட்டிய துக்ரி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் ஹரி சிங். தாயார் கர்த்தார் கௌர். பெற்றோர் இட்ட பெயர் தன்னி ராம். தோல் தொழிலோடு பிணைத்துப் பேசப்படும் சமார் சமூகம் அவருடையது. பஞ்சாப் என்றவுடன் கோதுமை வயலும் பால் வளமுமே நம் நினைவுக்கு வரும். இந்திய மாநிலங்களுள் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு மிகுதியாக உள்ள மாநிலம் பஞ்சாபே என்பது பலருக்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் நம்மவர். தமிழ்நாட்டில் 20 பேர். ஆனால் நிலமோ பெரும்பாலும் ஜாட் சமூகத்தாரின் கையில். சாதி வேறுபாட்டை ஏற்காத சீக்கிய சமயம் வேரூன்றிய மண்ணிலும், குருத்துவாரா தனி, சுடுகாடு தனி என்னும் ஊர்கள் பல உண்டு. நம்மூர்க் காட்சியை அப்படியே வடக்கே கொண்டு வைத்தாற்போல் இருக்கும்.

லூதியானா, நம் திருப்பூரைப் போலப் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நகரம். சிறுவன் தன்னி ராம் மின்பணியாளன் ஆக விரும்பினான். வறுமை அவனைத் துணி ஆலைக்கு அனுப்பியது. பகலெல்லாம் ஆலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. ஆர்மோனியமும் டோலக்கும் பயின்றான். தும்பி என்னும் ஒற்றை நரம்புக் கருவியைக் கையில் ஏந்தினான். யாரும் கேட்காமலேயே பாட்டு எழுதிச் சேர்த்தான். பதினெட்டு வயதில், அந்நாளில் புகழோங்கி இருந்த பாடகர் சுரிந்தர் ஷிந்தாவைத் தேடி மிதிவண்டியில் சென்று அவர் குழுவில் சேர்ந்தான். ஆசானுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தான். வேறு பாடகர்களும் அவன் பாட்டுகளைப் பாடினர். பாட்டு ஒருவருடையது, பெயரும் பொருளும் மற்றொருவருக்கு என்னும் நிலை நம் மக்களுக்குப் புதிதன்று. எழுதிக் கொடுத்துக் குடும்பம் நடத்த இயலாமல் போகவே தாமே பாடத் துணிந்தார். மின்னுகின்றவர் என்னும் பொருள்பட சம்கீலா என்ற பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. இனி அவரை ஒருமையில் அழைத்தல் முறையன்று.

1980ஐ ஒட்டி, சுரிந்தர் சோனியா என்னும் பாடகியோடு இணைந்து அவர் பாடிய இசைத்தட்டு வெளிவந்தது. பஞ்சாபிய ஊர்கள் அதைக் கேட்டுத் திகைத்தன, பின்னர்ச் சிரித்தன, பின்னர் மீண்டும் மீண்டும் போடச் சொல்லிக் கேட்டன. சில காலத்தில் அமர்ஜோத் கௌர் என்னும் பாடகி அவரோடு சேர்ந்தார். அமர்ஜோத் பாட்டுக்காகவே முதல் மணவாழ்வை விட்டு வந்தவர். இருவரும் மணந்துகொண்டனர், சாவு வரை பிரியவில்லை. சம்கீலாவுக்கு அதற்கு முன்பே மனைவியும் பெண் மக்களும் இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் மனைவியின் துயரத்தை யாரும் பாட்டாகக் கட்டவில்லை.

பஞ்சாபில் திருமணங்களிலும் ஊர் விழாக்களிலும் திறந்த வெளியில் நிகழும் பாட்டுக் கச்சேரிக்கு அகாடா என்று பெயர். மல்லர் பொரும் களத்துக்கும் அதே பெயர்தான். பாடகரும் பாடகியும் எதிரெதிரே நின்று, ஒருவர் கேட்க ஒருவர் மறுமொழி சொல்லுவர். நம் பக்கத்தில் லாவணியில் இரு கட்சிகள் மோதுவதையும், கூத்தில் கோமாளியும் தோழிப்பெண்ணும் வாய்கொடுத்து வாங்குவதையும் பார்த்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஆண்கள் சுற்றி அமர்ந்திருப்பர். பெண்கள் வீட்டு மாடிகளின் மேல் நெருக்கி நின்று கேட்பர். சம்கீலாவின் நிகழ்ச்சியில் மாடி தாங்காமல் இடிந்த கதைகளை அவ்வூர்க்காரர்கள் இன்றும் சொல்லுவர். ஆண்டில் உள்ள நாள்களைவிட அவர் பாடிய நிகழ்ச்சிகள் ஒன்று கூடுதல் என்பதும் அவரைப் பற்றி வழங்கும் ஒரு பேச்சு. அவருடைய நாளைப் பார்த்துக் கல்யாண நாளைக் குறித்த வீடுகளும் இருந்தனவாம். கானடா, அமெரிக்கா, துபாய் என்று வெளிநாடு வாழ் பஞ்சாபியரும் அழைத்துப் பாடவைத்தனர். ஒலிநாடா பெருகிய காலம் அது. சுமையுந்திலும் டிராக்டரிலும் தேநீர்க் கடையிலும் அவர் குரலே கேட்டது.

அப்படி அவர் பாடியது என்ன? அத்தானும் கொழுந்தியாளும் பேசும் கேலி, அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையிலான மறைபேச்சு, குடித்துவிட்டு வீடு திரும்பும் கணவனை மனைவி பிடிபிடியென்று பிடிப்பது, அபினுக்கு அடிமையானோர், தாலி கட்டியவன் ஒருவன், தாகம் வேறொருவன் மேல் என்னும் கள்ளக் காதல், வீரம் பேசி அரிவாள் தூக்கும் முரடர். பண்ணைவீட்டு மதிலுக்குள் நடப்பதை மதிலுக்கு வெளியே இருந்த ஒருவர் பாட்டாக்கினார். வீட்டிலும் வயலிலும் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு இரு பொருள் வருமாறு தொடுத்தார். மேற்பொருள் குழந்தைக்கும் விளங்கும். உட்பொருள் பெரியவர்களைச் சிரிக்க வைக்கும். இலக்கணப் புலவர் இதனை இரட்டுற மொழிதல் என்பர். விரசம் என்றனர் பஞ்சாபின் படித்த மக்கள்.

இங்கே சற்று நின்று நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நன்று. விரசத்தைச் சம்கீலா கண்டுபிடிக்கவில்லை. பஞ்சாபியத் திருமணங்களில் பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைச் சாடிப் பாடும் சித்னி என்னும் ஏசல் பாட்டுகள் வழிவழியாக உண்டு. அவற்றைக் கேட்டால் சம்கீலாவே காதைப் பொத்திக்கொள்வார் எனலாம். நம்மிடையே சம்பந்தி ஏசல் இல்லையா? நடவு வயலில் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நம் தாய்மார் பாடியவற்றை ஏட்டில் ஏற்ற எத்தனை ஆய்வாளர் துணிவர்? காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாக்களைப் பாடநூலில் வைத்து நாமே ஆண்டுதோறும் நடத்துகின்றோம். தனிப்பாடல் திரட்டில் அடுத்த ஏட்டைப் புரட்டினால் மாணவர் முன் வாசிக்க இயலாத வெண்பாக்களும் அவர் பெயரில் நிற்கின்றன. சுப்ரதீபக் கவிராயர் கூளப்ப நாயக்கன் மீது பாடிய விறலிவிடு தூது அரசவையில் கொலுவிருந்த இலக்கியம். பாளையக்காரர் மகிழ்ந்து கேட்டால் அது சிற்றின்பச் சுவை. கூலிக்காரர் கைதட்டிக் கேட்டால் அது ஆபாசம். பாட்டின் சொல்லைக் காட்டிலும், பாடுகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை வைத்தே ஊர் தீர்ப்புச் சொல்லிவந்தது.

ஆயினும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் முழுவதும் சாதிப் பகையால் வந்தது என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவ மாட்டோம். அவர் பாட்டுகளில் பெண்ணுக்கு வாய் உண்டு. அமர்ஜோத்தின் குரல் சம்கீலாவின் குரலுக்கு ஒருபோதும் அடங்கிப் போகவில்லை. மாடியில் நின்ற பெண்கள் சிரித்தது அதற்காகவே என்று எண்ணுகின்றோம். ஆனால் பெண்ணுடல் பண்டமாக எடைபோடப்படும் பாட்டுகளும் அவற்றுள் உண்டு. அவற்றைக் கேட்டுவிட்டு வயலுக்குச் சென்ற பண்ணையார் மகன், அங்கே புல்லறுக்கும் நம் பெண்ணை எந்தக் கண்ணால் பார்த்திருப்பான்? இக்கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இக்கேள்வியைக் கேட்டவர். மராட்டியத்தில் பட்டே பாபுராவ் என்னும் லாவணிப் பாவலர் இருந்தார். பிறப்பால் பார்ப்பனராகிய அவர் தமாஷா என்னும் ஆடல் பாடல் குழுவில் சேர்ந்து, மகர் சமூகத்துப் பெண்ணாகிய பவளாவின் ஆட்டத்தாலும் பாட்டாலும் பெரும்புகழ் பெற்றார். மகாட் போராட்டக் காலத்தில் அவர் நன்கொடை தர முன்வந்தபோது, நம் பெண்ணை ஆடவைத்துச் சேர்த்த பணம் நமக்கு வேண்டாம் என்று அண்ணல் மறுத்துவிட்டதாக ஆய்வாளர் எழுதுகின்றனர். அம்மறுப்பில் இருந்த தன்மானத்தை நாம் வணங்குகின்றோம். ஆடுவதையும் பறையடிப்பதையும் விட்டுப் பள்ளிக்கு வாருங்கள் என்று நம் முன்னோர் வீடு வீடாகச் சென்று அழைத்ததும் அத்தன்மானத்தால்தான். நம் கல்விச் சங்கமே அவ்வழைப்பின் விளைவு. ஆனால் அந்நன்கொடை திரும்பிய பிறகு பவளா என்ன நினைத்திருப்பார் என்னும் எண்ணமும் நமக்கு அவ்வப்போது வருவதுண்டு. ஆட்டம் அவருடையது, பழியும் அவருக்கே வந்தது.

ஒரு நிகழ்ச்சியை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், ஏழாம் வகுப்புப் படித்த நம் தெருப் பையன் ஒருவன், கூத்தில் கோமாளி வேடம் கட்டிய தன் பாட்டனாரிடம் கேட்டறிந்த பாட்டொன்றை மேடையில் எடுத்தான். இரண்டாம் அடியிலேயே பின்னால் அமர்ந்திருந்த தாய்மார்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினர். முன்வரிசையில் இருந்த விருந்தினர் முகம் சுளித்தனர். நாம் பார்த்தது முன்வரிசையைத்தான். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னோம். பையன் ஓசையில்லாமல் இன்னும் ஓரடி பாடிவிட்டு இறங்கினான். அடுத்து நிகழ்ந்தது திரைப்படப் பாட்டு ஒன்றுக்கு நடனம். அதன் சொற்கள் பையனுடைய பாட்டைவிட ஒரு மாற்றும் உயர்ந்தவை அல்ல. எனினும் யாரும் முகம் சுளிக்கவில்லை, நாமும் நிறுத்தவில்லை. அப்பையன் பின்னர் நன்றாகப் படித்து வேலைக்கும் சென்றுவிட்டான். மேடை ஏறியதாக மட்டும் நாம் கேள்விப்படவில்லை. சம்கீலாவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றியதன் வேர் இங்கே இருக்கிறது.

பஞ்சாபுக்குத் திரும்புவோம். சம்கீலா பாடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அம்மாநிலம் தீப்பற்றியது. 1984ஆம் ஆண்டு சூன் மாதம் பொற்கோயிலுக்குள் படை நுழைந்தது. அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர்ந்து தில்லியில் சீக்கியர் பலர் படுகொலை செய்யப்பட்டனர். பஞ்சாபின் ஊர்களில் பகலில் காவலர் அச்சம், இரவில் ஆயுதக் குழுவினர் அச்சம் என்று மக்கள் நடுங்கிய காலம் அது. அந்நாள்களிலும் சம்கீலாவின் அகாடாவுக்குக் கூட்டம் குறையவில்லை. அச்சத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு மிகுதியாகத் தேவைப்படும் போலும்.

ஆயுதக் குழுக்கள் சமூகச் சீர்திருத்தம் என்னும் பெயரில் கட்டளைகள் பிறப்பித்தன. மது விற்கக் கூடாது, இறைச்சி விற்கக் கூடாது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் இத்தனை பேருக்கு மேல் செல்லக் கூடாது என்ற வரிசையில், ஆபாசப் பாட்டுப் பாடக் கூடாது என்பதும் இருந்தது. சம்கீலாவுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் வீரர் அல்லர். வீரர் என்று நாம் வேடம் கட்டவும் மாட்டோம். அஞ்சினார். மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல்லுவர். சமயப் பாட்டுகள் அடங்கிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். சீக்கிய குருமார்களைப் போற்றும் அப்பாட்டுகளும் பெரும் அளவில் விற்றன என்பது கவனிக்கத் தக்கது. விரசம் எழுதவே தெரிந்தவர் என்று அவரை இகழ்ந்தோர்க்கு அது போதிய விடை. குருத்துவாராவில் அவர் பக்திப் பாட்டைக் கேட்டு உருகியவரும், அகாடாவில் அவரது பழைய பாட்டுக்குச் சீழ்க்கை அடித்தவரும் வேறு வேறு மக்கள் அல்லர்.

இடர் அங்கேதான் இருந்தது. பக்திப் பாட்டோடு மேடையை முடித்துக்கொள்ளக் கூட்டம் விடவில்லை. பழைய பாட்டைப் பாடு என்று கூச்சலிட்டது. பாடாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், பாடினால் துப்பாக்கி வரும் என்ற நிலையில் அவர் பாடினார். பாட்டை வாங்கிக் கேட்டவர் பல இலட்சம் பேர். அதற்கு விலை கொடுக்கவேண்டி வந்ததோ மேடையில் நின்றவர்களுக்கு. எதிரிகள் ஒரு திசையில் மட்டும் இல்லை. அவர் வந்தபின் நிகழ்ச்சிகளை இழந்த பாடகர்கள் இருந்தனர். சாதி கடந்து அவர் செய்துகொண்ட திருமணத்தைப் பொறுக்காதவரும் இருந்தனர் என்பர்.

1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள். ஜலந்தர் மாவட்டத்தில் பில்லௌர் அருகே மெஹ்சம்பூர் என்னும் ஊரில் நிகழ்ச்சி. பிற்பகல் இரண்டு மணி அளவில் குழுவினர் மகிழுந்தில் வந்து சேர்ந்தனர். அவர்கள் இறங்கும்போதே விசையுந்தில் வந்தவர்கள் சுட்டனர். சம்கீலாவும் அமர்ஜோத்தும் அவ்விடத்திலேயே மாண்டனர். சம்கீலாவுக்கு அப்போது 28 வயது நிறையவில்லை. இருவருக்கும் பிறந்த மகன் கைக்குழந்தை. கொன்றவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை. எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, மார்ச்சு 23ஆம் நாள், பாஷ் என்னும் புனைபெயர் கொண்ட புரட்சிக் கவிஞர் அவதார் சிங் சந்துவும் அம்மாநிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பாஷின் கவிதைகளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுப் போற்றின. சம்கீலாவைப் பற்றி அவை வாய் திறக்கப் பல்லாண்டுகள் ஆயின. மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒலிநாடாக்கள் விற்றுக்கொண்டே இருந்தன.

2024ஆம் ஆண்டு இயக்குநர் இம்தியாஸ் அலி அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக்கினார். நம் ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்தார். அதன் பின்னரே தமிழகத்தில் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டனர். படத்தைப் பார்த்த நம் இளைஞர் சிலர் வந்து, அவர் நம்மவரா என்று வியப்போடு கேட்டனர். ஆம் என்றோம். அப்படியானால் மலரில் எழுதுங்கள் என்றனர். மலர்க்குழு பின்னர்க் கேட்ட கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

மெஹ்சம்பூரில் அன்று மாண்டவர் இருவர் அல்லர், நால்வர். குழுவைச் சேர்ந்த மற்ற இருவர் அகாடாக்களில் பின்னால் நின்றவர்கள். படத்தைப் பற்றிப் பேசுவோரும் அவர்களைக் குறிப்பிடுவது அரிது. தலைமுறை தலைமுறையாகப் பின்னால் நின்று கொட்டியவர்களின் பிள்ளைகள் நாம். ஆதலின் அவ்விருவர் பெயரையும் இம்மலரில் பதிந்து வைக்கின்றோம். ஒருவர் ஹர்ஜீத் சிங் கில். மற்றொருவர் பல்தேவ் சிங் தேபு.